நல்ல தகடு வரைக்கும்

ஏப்ரல் 4

டாக்டர் சுகந்தி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் பெயர், தொழில், வியாதி. அப்புறம் தினமும் தின்றது, குடித்தது, நடந்தது, காலையில் விரலைக் குத்திப் பார்த்த சர்க்கரை.

பெயர் திருமூர்த்தி. வயது ஐம்பத்து மூன்று. கோயமுத்தூர் ஒண்டிப்புதூரில் டிங்கரிங் பட்டறை. நசுங்கின கார், துருப்பிடித்த வேன், ஸ்கூல் பஸ் எல்லாம் வரும். தகடு வேலை நான், பெயிண்ட் வேலை யூசுப் பாய், லாபம் ஆளுக்குப் பாதி. வியாதி சர்க்கரை. எட்டு வருடமாகக் கூடவே குடியிருக்கிறது, வாடகை மட்டும் கொடுப்பதில்லை.

டைரி, பெயிண்ட் கடைக்காரர் ஜனவரியில் சும்மா கொடுத்தது. பட்டறை மேஜை ஆடுகிறதென்று காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். உருவி எடுத்துவிட்டேன், மேஜை ஆடுகிறது.

காலைச் சர்க்கரை 268. இட்லி ஐந்து. மூன்று என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன், பக்கத்தில் என் மனைவி வசந்தாமணி நிற்கிறாள்.

ஏப்ரல் 5

இன்று ஒன்று மட்டும். என் அண்ணன் கதிர்வேலுக்கும் இதே வியாதிதான். காலில் புண் வந்தது, முட்டிக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். அதோடு கட்டிலில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை, அந்த வருடமே போய்விட்டார். அண்ணிக்கு அந்தப் புண்ணைப் பார்த்தாலே குமட்டும். கடைசி வரைக்கும் கழுவி மருந்து வைத்துக் கட்டியது வசந்தாமணி.

காலை எடுத்ததால்தான் அண்ணன் செத்தார். நான் காலோடுதான் போவேன். சர்க்கரை எவ்வளவு வேண்டுமானாலும் ஏறட்டும், அந்தக் கட்டிலில் நான் படுக்க மாட்டேன்.

ஏப்ரல் 9

டாக்டரிடம் போய் வந்தோம். மாத்திரையைத் தவறாமல்தானே விழுங்குகிறேன், சர்க்கரை ஏன் இறங்க மாட்டேன் என்கிறது, மாத்திரை போலியா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அந்தம்மாவின் காருக்கு நான்தான் பம்பர் நிமிர்த்திக் கொடுத்தேன், அந்த உரிமை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் தொழில் பாஷையிலேயே சொன்னார்.

"இன்சுலின் வந்து கதவத் தட்டுதுங்க. உள்ள தாழ்ப்பாள் துருப்பிடிச்சுக் கெடக்குது. தொறக்க மாட்டேங்குது. அப்ப சர்க்கரையெல்லாம் ரத்தத்துலயே நிக்குது."

அப்புறம் விளக்கினார். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு அடுப்பு எரிகிறதாம். சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும்போது பொறி பறக்கும். கொஞ்சம் பறந்தால் உடம்பே அணைத்துவிடும். ஆனால் வேலையில்லாமல் தீனியைத் திணித்தால், பீடி குடித்தால், சரியாகத் தூங்காவிட்டால் பொறி பெருகி, அணைக்கிற ஆள் களைத்துப்போவான். அந்தப் பொறிதான் இன்சுலினின் சேதி செல்லுக்குள் போகிற வழியைக் கெடுக்கிறது. இன்சுலின் இருந்தும் வேலை நடக்காது. கணையம் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று சுரந்து தள்ளி, கடைசியில் அதுவும் அதே பொறியில் வெந்துபோகும், ஏனென்றால் பொறியைத் தாங்கும் சக்தி அதற்கு இயல்பிலேயே கம்மி. இதில் கொடுமை என்னவென்றால், ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏறப் பொறியும் ஏறுமாம். ரத்தக்குழாய், நரம்பு எதையும் விட்டுவைக்காதாம்.

துரு துருவை வளர்க்கிறது என்று எனக்குப் புரிந்தது. எட்டு வருடத்தில் ஒரு டாக்டர் பேசியது முழுசாகப் புரிந்தது இதுதான் முதல் தடவை. அப்படியென்றால் சுரண்டி எடுத்துவிட வேண்டியதுதானே என்றேன். அந்தம்மா சிரித்துவிட்டார்.

"துருங்கறது ஒரு பேச்சுக்குத்தானுங்க. நீங்க பாட்டுக்கு எமரித் தாள எடுத்துத் தேச்சுப்போடாதீங்க."

பீடியை நிறுத்தணும், நடக்கணும், தூங்கணும், சோறு குறையணும். ஒரு மாத்திரை கூட்டினார். இன்சுலின் ஊசி போடலாம் என்றதற்கு வேண்டாம் என்றேன். காலைக் காட்டச் சொன்னார். பட்டறையிலிருந்து நேராகப் போயிருந்தேன், கால் முழுக்க கிரீஸ். அந்த வெள்ளைத் துணி மேல் இதைத் தூக்கி வைப்பதா என்று கூச்சமாக இருந்தது. காலுக்கு ஒன்றுமில்லை, அடுத்த தடவை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 10

பீடி இல்லை. (இரண்டு.)

ஏப்ரல் 13

ஸ்கூல் பஸ்கள் வந்துவிட்டன. மே மாதம் எஃப்சி, அதாவது வண்டிக்குத் தகுதிச் சான்று, கொடுக்க ஆபீசர் வருவார், அதற்குள் தகடு வேலை, பெயிண்ட் எல்லாம் முடிந்தாக வேண்டும். வருடத்தில் இந்த இரண்டு மாதம்தான் எங்கள் பட்டறைக்கு அறுவடை.

ஒரு பஸ்ஸில் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அடித் தகட்டில் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினால் உள்ளே போகிறது. மேலே பார்த்தால் பெயிண்டில் சின்னச் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான். ஸ்கூல் மேனேஜர் இதற்கு மேலேயே ஒரு ஷீட்டைப் போட்டு ஆணி அடித்து பட்டி பூசிவிடச் சொன்னார். ஏன் சார், உங்கள் குழந்தை இதில் உட்காருமா என்று கேட்டேன். துருவை மூடினால் அது உள்ளே இருந்து தின்னும். நல்ல தகடு வருகிற வரைக்கும் வெட்ட வேண்டும், வெட்டின பிறகுதான் புதுத் தகடு பிடிக்கும். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றார்.

காலைச் சர்க்கரை 240. நடக்கவில்லை. பட்டறைக்குள் நடந்ததெல்லாம் நடையில்லையா?

ஏப்ரல் 16

காலையில் செருப்பு மாட்டும்போது பார்த்தேன். வலது காலின் அடியில், கட்டைவிரலுக்குக் கீழே, தோல் தடித்துக் காய்த்துப் போயிருக்கிறது. நடுவில் சின்னதாகக் கொப்புளம்.

கொப்புளத்தைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டுமென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மத்தியானம் பாய் தொழுகைக்குப் போன நேரத்தில் உப்புத்தாள் எடுத்தேன். முதலில் முரட்டுத் தாள், பிறகு நைஸ் தாள். காய்ப்பு மாவாகக் கொட்டியது. கொப்புளமும் போய்விட்டது. தடவினால் வழுவழுப்பு. முப்பது வருடக் கை, சும்மாவா.

கொஞ்சம்கூட வலிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். போன வருடமெல்லாம் இந்தப் பாதம் எரியும் எரிச்சலில் படுக்க முடியாது. இப்போது எரிச்சலே இல்லை. புது மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. அடுத்த தடவை டாக்டரிடம் சொல்ல வேண்டும், சந்தோஷப்படுவார்.

ஏப்ரல் 18

வலது செருப்பில் சிவப்பாக ஒட்டியிருந்தது. ரெட் ஆக்சைடு பெயிண்ட் என்று நினைத்து தின்னர் பாட்டிலைத் தேடினேன். அதற்குள் தண்ணீரிலேயே போய்விட்டது. இப்போதெல்லாம் பெயிண்டிலும் கலப்படம்.

ஏப்ரல் 22

காலைச் சர்க்கரை 310. வசந்தாமணி மிஷினை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறாள். நான் களவாகத் தின்கிறேன் என்று சந்தேகம். எல்லாம் அளவாகத்தான் தின்கிறேன், ஆனாலும் ஏறுகிறது. எனக்கும் எரிச்சல், அவளுக்கும் எரிச்சல். ராகிக் களியைத் தட்டோடு தள்ளிவிட்டேன். அவள் தட்டை எடுத்துப் போய்க் கழுவினாள்.

ஓசூரில் இருக்கும் மகள் போனில் கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். அவள் மாசமாக இருக்கிறாள், வேறென்ன சொல்வது.

ஏப்ரல் 24

பஸ் வேலை நெருக்குகிறது, ராத்திரியும் பட்டறையிலேயே படுக்கை. சாக்ஸ் போட ஆரம்பித்திருக்கிறேன். பட்டறையில் தூசி. இந்த வெயிலில் எதற்கப்பா சாக்ஸ், மாப்பிள்ளை பார்க்க வருகிறார்களா என்று பாய் கேலி செய்தார்.

ஏப்ரல் 26

பட்டறையில் எலி செத்துக் கிடக்கிறது. இரண்டு நாளாக நாற்றம். பழைய டோர்கள், சீட்டுகள், பெயிண்ட் டின் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுத் தேடினோம். பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

பாய் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தார். மத்தியானம் நான் சாமான் வாங்கப் போயிருந்தபோது நாற்றமே இல்லை என்றார். அப்படியென்றால் எலி என் சட்டைப் பையிலா இருக்கிறது என்று கத்திவிட்டேன். முப்பது வருடக் கூட்டாளியை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. சாயங்காலம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார், சர்க்கரை இல்லாமல்.

உடம்பு சூடாக இருக்கிறது. வெயில்.

ஏப்ரல் 28

எலி கிடைக்கவில்லை.

ஏப்ரல் 30

எப்போதும் சோற்றை டிபன் கேரியரில் போட்டுக் கொடுத்துவிடுவாள், இன்று வசந்தாமணியே கொண்டுவந்தாள். பாய் போன் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

உள்ளே வந்தவள் வாசல் பக்கமே நின்றுவிட்டாள். மூக்கைப் பொத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. மெதுவாகப் பக்கத்தில் வந்து சாக்ஸைக் கழட்டச் சொன்னாள். வேலை இருக்கிறது, போ என்றேன். எலி நாற்றத்தைப் பற்றிச் சொன்னேன்.

"இந்த வாசம் எனக்குத் தெரியுமுங்க," என்றாள். "கழட்டுங்க."

ஆம்பிளைகள் வேலை செய்கிற இடத்தில் வந்து என்ன அதிகாரம் என்று சத்தம் போட்டேன். அவள் பஸ் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். சோறு ஆறியது. பாய் ஸ்ப்ரே கன்னை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். நான் சுத்தியலை வைத்து அடித்துக்கொண்டே இருந்தேன், எதை அடித்தேன் என்று தெரியாது. அவள் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் நானே கழட்டினேன். சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் தேய்த்த இடத்தில் தோலே இல்லை, உள்ளுக்குள் ஒரு பள்ளம், ஓரமெல்லாம் கறுப்பு. அவ்வளவு பெரிய பள்ளம் வலிக்காமல் எப்படி இருக்கும்? நான் திருப்பித் திருப்பி அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் முந்தானையால் பாதத்தைச் சுற்றினாள். அவள் அழவில்லை, எனக்குத்தான் வாய் கோணிக்கொண்டு வந்தது.

மே 1

டாக்டர் சுகந்தி லீவு நாளிலும் வரச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் நூலால் பாதத்தைத் தொடுவேன், தெரிந்தால் தெரியுது என்று சொல்லுங்கள் என்றார். நான் பள்ளிக்கூடத்துப் பையன் போல உடனுக்குடன் தெரியுது, தெரியுது என்றேன். தப்பாகச் சொன்னால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயம்.

"இன்னும் நான் தொடவேயில்லீங்க," என்றார் டாக்டர்.

கண்ணைத் திறந்தேன். நூல் அவர் கையில் இருந்தது. வசந்தாமணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எரிச்சல் போனது குணமானதால் இல்லையாம். எரிச்சலைச் சொல்கிற நரம்பு செத்துப்போனதால் போயிருக்கிறது. சர்க்கரை ஏறி ஏறி, அந்தப் பொறி நரம்பைத் தின்று, நரம்புக்குச் சோறு போடுகிற சின்ன ரத்தக்குழாயையும் தின்றுவிட்டது. ஆணி ஏறினாலும் தெரியாத கால். இதை நான் இரண்டு வாரமாக மாத்திரையின் பெருமை என்று எழுதி வைத்திருக்கிறேன். டாக்டரிடம் டைரியைக் காட்டவில்லை.

எதால் தேய்த்தீர்கள் என்று கேட்டார். உப்புத்தாள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, துரு என்று அன்றைக்குத் தான் சொல்லியிருக்கவே கூடாது என்றார். உங்கள் மேல் தப்பில்லை, நீங்கள் தேய்க்காதே என்றுதான் சொன்னீர்கள் என்றேன். எனக்காக அந்தம்மா வருத்தப்பட்டது இன்னும் பயத்தைக் கிளப்பியது.

மே 2

மில் ரோட்டு ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் பார்த்தால் புண் எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. இரண்டு கையிலும் ஊசி. எந்த இன்சுலினை வேண்டாம் என்றேனோ அதை இப்போது நாளெல்லாம் போடுகிறார்கள். சர்க்கரை அப்போதும் இறங்கவில்லை. புண் சர்க்கரையை ஏற்றுகிறது, சர்க்கரை புண்ணை வளர்க்கிறது.

மே 4

கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். பரவாயில்லை. விரல் இல்லாமல் செருப்புப் போடலாம். பாயிடம் சொன்னேன், இதோடு முடிந்தது, அடுத்த வாரம் பட்டறைக்கு வந்துவிடுவேன் என்று. பாய் தலையாட்டினார். பஸ் வேலைக்கு வேறொரு டிங்கரை ஏற்பாடு செய்திருப்பதாகப் போகும்போதுதான் சொன்னார்.

மே 7

காய்ச்சல். கெண்டைக்கால் சிவந்து வீங்கியிருக்கிறது. நர்ஸ் பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டுவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. கடவுளே, கோட்டுக்குள்ளேயே நிற்கட்டும்.

மே 9

சர்ஜன் பெயர் நவநீதன். சின்ன வயசு. வந்து உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் அடைத்துக் கிடக்கின்றன, வெட்டின இடம் ஆறவில்லை, விஷம் மேலே ஏறுகிறது. முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும். இன்னும் மூன்று நாளைத் தாண்டினால் முட்டியும் தங்காது, அப்புறம் உயிருக்கும் சொல்ல முடியாது.

நான் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். பாதத்தோடு நிறுத்துங்கள், குதிகாலையாவது விடுங்கள், மேலே தோலை எடுத்துப் போட்டு மூடிவிட முடியாதா என்று கேட்டேன். என் தொழில் தெரியாமலே அவர் சொன்ன பதில் இது:

"ரத்தம் நல்லா ஓடுற எடம் வரைக்கும் போய் வெட்டினாத்தாங்க தையல் நிக்கும். கெட்டத வெச்சு மூடினா உள்ளாற இருந்தே தின்னுரும்."

எத்தனை பேருக்கு இதே வார்த்தையை நான் அடித்துப் பேசியிருக்கிறேன். ஸ்கூல் மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது மனசுக்குள் சிரித்தேன். அவருடையது பஸ். இது என் கால், என்னைப் பெற்றவள் எண்ணெய் தேய்த்து நீவிவிட்ட கால். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 10

காலையில் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டேன். வீட்டுக்குப் போகிறேன், பல்லடம் பக்கத்தில் பச்சிலை வைத்துக் கட்டுகிற வைத்தியர் இருக்கிறாராம், எதிர்க் கட்டில்காரர் சொன்னார். ஆட்டோ கூப்பிடு என்றேன். வசந்தாமணி கூப்பிடவில்லை. நானே இறங்கினேன், தரையில் விழுந்தேன். நர்ஸ்கள் வந்து தூக்கிப் போட்டார்கள். அண்ணன் மாதிரி என்னைக் கட்டிலில் போட்டு அழுகவிடப் பார்க்கிறாயா என்று அவளைக் கேட்டேன். இன்னும் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கதவைச் சாத்துகிற மாதிரி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க அண்ணன் கால எடுத்ததால சாகலீங்க. எடுக்க மாட்டேன்னு ரெண்டு மாசம் தள்ளிப்போட்டாரு. கீழ எடுக்க வேண்டியத மேல எடுத்தாங்க. அதுக்குள்ள விஷம் ஒடம்பு பூரா போயிருச்சு. தம்பிகிட்டச் சொல்லாத, தைரியம் இல்லாதவன்னு நெனப்பான்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கினாரு."

நான் நம்பவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு வருடத்தில் அவள் என்னிடம் பொய் சொன்னதில்லை, சாப்பாட்டு விஷயத்தில் தவிர.

"நான் ஒரு தடவ அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட்டாச்சு. இன்னொருக்கா என்னால முடியாதுங்க," என்றாள்.

எதை நம்பிப் பிடிவாதம் பிடித்தேனோ அதன் அடியே இடிந்துபோன மாதிரி இருந்தது. மத்தியானம் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை. நர்ஸ் பெருவிரலையும் ஒற்றிக்கொண்டாள்.

மே 11

நாளைக்குக் காலையில். சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை.

நர்ஸ் ஒரு பேப்பரோடு வந்து, எடுத்த காலை நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா, ஆஸ்பத்திரியே எரித்துவிடட்டுமா என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. ஊசி மருந்து டப்பாவோடும் பஞ்சோடும் சேர்த்து எரிப்பார்களாம். என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் ஆட்களில் எரிப்பது வழக்கமில்லை, புதைப்பதுதான். மண்ணில் வைக்க வேண்டும் என்றேன்.

அண்ணன் மகன் தாமோதரனுக்கு வசந்தாமணி போன் போட்டாள். இருக்கிற ஆளின் காலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனால் மிச்சத்தையும் மண் கூப்பிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், சித்தி, என்னை விட்டுவிடுங்கள் என்றானாம். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் தயங்கியிருப்பேன். யூசுப் பாய் தானும் கூட வருவதாகச் சொன்னார். கடைசியில் வேட்டியில் சுற்றி யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தபோது வசந்தாமணி என் பழைய வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. என் அம்மா செத்தபோதுகூட அவள் தெருமுனையோடு நின்றுவிட்டாள்.

வலது காலைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தேன். கைக்குத்தான் கால் தெரிந்தது, காலுக்குக் கை தெரியவில்லை.

மே 13

கட்டைவிரல் அரிக்கிறது. இல்லாத கட்டைவிரல். மாதக்கணக்கில் செத்துக் கிடந்தது, வெட்டி எடுத்த பிறகு உயிர் வந்து அரிக்கிறது. எங்கே போய்ச் சொறிவது? சிரிப்பு வந்தது, அப்புறம் நிறுத்த முடியாமல் அழுதேன்.

மே 14

வீக்கம் இல்லை. காய்ச்சல் இறங்கிவிட்டது. காலைச் சர்க்கரை 171. இந்த எண்ணை நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது. புண்ணை எடுத்ததும் இன்சுலின் பேச்சை உடம்பு கொஞ்சம் கேட்க ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சுகந்தி வந்து சொன்னார். பொறி தணிந்தால் இன்னும் கேட்குமாம். பீடி, தூக்கம், சோறு என்று மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை இடது காலைத் தானே தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். ஆறினதும் செயற்கைக் கால் பொருத்தலாம், முட்டி இருப்பதால் நடப்பது சுலபம் என்றார். நான் கேட்டுக்கொண்டேன். நடப்பது பற்றி யாராவது பேசினால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

மே 15

காலைப் புதைத்த விஷயத்தை இன்றைக்குத்தான் கேட்டேன். இரண்டு நாளும் எனக்கும் வாய் வரவில்லை, அவளும் சொல்லவில்லை.

மத்தியானம் ஆரஞ்சுப் பழம் உரித்து நாலு சுளை மட்டும் எண்ணிக் கொடுத்தாள். எங்கே வைத்தாய் என்று கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லையாம். பாய் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பார்க்கவே இல்லையாம். சுடுகாட்டில் குழி எடுக்கிறவர் ஒரு பொம்பளை வருவதைப் பார்த்துத் திகைத்து, மண்வெட்டியைப் போட்டுவிட்டு நின்றிருக்கிறார். பாய்தான் அவரோடு சேர்ந்து குழி எடுத்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்து, உப்புப் போட்டு, வேட்டியோடு இறக்கி, மூன்று கை மண் போட்டது அவள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் மீதிச் சுளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"வாசல்ல கார்ப்பரேஷன் ஆள் உக்காந்திருந்தாரு. குழி எடுத்தாப் பேரு எழுதணுமாம். உங்க பேரக் கேட்டாரு. ஆளு இருக்காருங்க, கால் மட்டுந்தான்னு சொன்னேன். எதா இருந்தாலும் பேரில்லாம விடமாட்டேன்னுட்டாரு. உங்க பேர அந்த எடத்துல எழுத எனக்கு மனசு வரலீங்க. என்ற பேரக் குடுத்துட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பயந்துபோனேன். காலை எடுக்கக் கொண்டுபோனபோதுகூட எனக்கு இந்தப் பயம் வரவில்லை. வசந்தாமணி, வயது நாற்பத்தெட்டு, ஒண்டிப்புதூர் என்று சுடுகாட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, அவளோ இங்கே உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். உனக்கென்ன பைத்தியமா என்று கத்தினேன். இப்போதே போ, அந்தப் பேரை அடித்துவிட்டு வா, பாயைக் கூட்டிக்கொண்டு போ, என் பேரை எழுதச் சொல், யார் பேரை வேண்டுமானாலும் எழுதச் சொல், உன் பேர் அங்கே இருக்கக் கூடாது என்றேன்.

அவள் தோலைக் காகிதத்தில் சுற்றி மடித்தாள். என் வேட்டியைச் சரிசெய்து, குறைந்துபோன கால் மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நான் போகமாட்டேன்," என்றாள். "நீங்க நடந்து வந்து அடிங்க."